படகுத்துறைத் தண்ணீரும் ஒரு வக்கீல் கடிதமும்

கேள்வி: ஐயா, நான் ஊத்தான் மெலிந்தாங், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பெர்னாம் ஆற்று மீன்பிடித் துறையில் தண்ணீர் கறுத்து நாறுவதால் நாங்கள் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து மாதாமாதம் சோதித்து முகநூலில் போட்டு வருகிறோம். போன மாதம் அம்மோனியா எகிறியிருந்தது. மேலே இருக்கும் செம்பனை ஆலையின் பெயரைப் போட்டு, "இவர்கள்தான் ராத்திரியில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள்" என்று எழுதினேன். இப்போது வக்கீல் கடிதம் வந்திருக்கிறது, 7 நாளில் மன்னிப்பும் நஷ்டஈடும் வேண்டுமாம். தாத்தா காலத்திலிருந்து எங்களை ஏய்த்தவர்களிடம் நாங்களா மன்னிப்புக் கேட்பது?

பதில்: தாத்தா காலத்துக் கணக்கை இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை தம்பி. தண்ணீர் நாறுகிறதா என்பதுகூட இந்த வழக்கில் இரண்டாம்பட்சம். "இவர்கள்தான்" என்று எழுதினீர்களே, அதை உங்களால் நிரூபிக்க முடியுமா? அவதூறு வழக்கில் உண்மை என்று காட்டவேண்டிய பாரம் எழுதியவர் தலையில்தான்.

முடியாது என்றே நினைக்கிறேன். மினரல் வாட்டர் போத்தலில் மொண்டு, ஐஸ் இல்லாமல் மோட்டார் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கலர் அட்டையோடு ஒப்பிட்டுப் போனில் படம் பிடித்திருப்பீர்கள். அம்மோனியா இருக்கிறது என்று அது சொல்லலாம், யாருடையது என்று சொல்லாது. வீட்டுக் கழிவுநீரிலும் அம்மோனியா உண்டு, கோழிப் பண்ணையிலும் உரத்திலும் உண்டு. படகுத்துறையில் மீன் கழுவி ஊற்றும் தண்ணீரை ஏன் விட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ராவுப், புக்கிட் கோமான் தங்கச் சுரங்க விவகாரத்தை நினைத்துத் தெம்பாக இருக்கவேண்டாம். சுரங்கத்தை எதிர்த்துப் பேசிய ஊர்ப் பெண்மணி மீது நிறுவனம் போட்ட வழக்கு 2019-ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது, சரி. ஆனால் அதே சுரங்கத்தைப் பற்றி 2012-ல் செய்தி போட்ட இணையப் பத்திரிகை 2021-ல் அதே நீதிமன்றத்தில் தோற்றது. ஒரு விவகாரம், இரண்டு முடிவு. ஜெயித்தவருக்கும் வருஷக்கணக்கில் இழுத்தடிப்புதான், இப்படிப்பட்ட வழக்கை ஆரம்பத்திலேயே தூக்கியெறிய நம் மலேசியாவில் தனிச் சட்டம் கிடையாது.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது முதல் பதிவால் இல்லை, கடிதம் வந்த பிறகு செய்கிற காரியத்தால்தான். ரோஷத்தில் வக்கீல் கடிதத்தையே முகநூலில் போட்டு "மிரட்டுகிறார்கள் பாருங்கள்" என்று எழுதுவார்கள், கீழே ஊரே வந்து ஆலைக்காரனைத் திட்டும், கடைசியில் நஷ்டஈட்டைக் கூட்டிக் கேட்க அதுவே அவர்களுக்குச் சாட்சி. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்தாலும் வெளியிட்டதுதான். இன்னொரு ரகம், பயந்துபோய்த் தானே ஒரு மன்னிப்பு எழுதி அனுப்புவது. அது ஒப்புதல் வாக்குமூலம், அப்புறம் நான் வந்து என்ன செய்ய? அப்புறம் உங்கள் "குழுத் தலைவர்" லெட்டர்ஹெட்டை எடுத்து ஒளித்துவையுங்கள். ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் 1966 சங்கச் சட்டப்படி பதிவு வேண்டும், இல்லையென்றால் அது சட்டவிரோதச் சங்கம். பதிவில்லாத குழு மேல் வழக்குப் போட முடியாது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், பெயர் போட்டு எழுதிய உங்கள் மேல் நேராகப் போடுவார்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். முகநூல் பதிவைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். "அன்றைக்கு அந்த இடத்தில் எங்கள் அளவீடு இவ்வளவு, கழிவு எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் உறுதிசெய்யவில்லை" என்ற அளவுக்கு ஒரு விளக்கம், அதுவும் வக்கீல் மூலமாக. பணம் கேட்டால் பேரம் பேசலாம். ஆனால் "இனி எந்த அதிகாரியிடமும் புகார் செய்யமாட்டோம்" என்று ஒரு வரி நுழைப்பார்கள், அதற்கு மட்டும் கையெழுத்துப் போடவேகூடாது.

ஏனென்றால், முகநூலில் எழுதிய அதே விஷயத்தைச் சுற்றுச்சூழல் துறைக்குப் புகாராக எழுதியிருந்தால், கெட்ட எண்ணம் இல்லாதவரை அவதூறுச் சட்டத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும். அவர்கள் ஆள் வந்து மாதிரி எடுத்து இரசாயனத் துறைக்கு அனுப்பினால் அதுதான் கோர்ட்டில் நிற்கும். 2024 திருத்தத்துக்குப் பிறகு 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகும், ஆலை உண்மையில் பயப்படுவது அதற்குத்தான். உங்கள் மாதாந்திரக் குறிப்பை நேரம், அலை ஏற்றம் இறக்கம், எடுத்த இடம் எல்லாம் போட்டுப் புகாரோடு வையுங்கள். ஆலையின் கால்வாய் வரைக்கும் வேலி தாண்டிப் போய் எடுக்காதீர்கள், அத்துமீறல் கேஸ் தனியாக வரும்.

7 நாள் முடிவதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். கடிதம் வந்த உறையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், தபால் முத்திரைத் தேதி வேண்டும்.