டெர்பி கெலித்த மகாராணா: குதிரை டாக்டரிடம் கேளுங்கள்

ராணிப்பேட்டையில் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார். பொருள்: ராஜ்பிப்ளா மகாராணா விஜயசிங்ஜி, 1934-இல் இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பியை வென்ற வின்ட்சர் லாட் என்ற குதிரையின் முதலாளி.

காட்பாடி வாசகர்: மகாராணா எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார்?

கேட்க வேண்டிய கேள்வி. ராஜ்பிப்ளா இன்றைய குஜராத்தில் இருக்கிறது. வின்ட்சர் லாடை ஒரு வயதுக் குட்டியாக 1,300 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுனைவிடக் கொஞ்சம் கூட) வாங்கினார். தகப்பன் பிளாண்ட்ஃபோர்ட், அதன் வாரிசுகளில் நாலு டெர்பி கெலித்தவை. ட்ரெயினர் மார்கஸ் மார்ஷ். ஜாக்கி சார்லி ஸ்மிர்க், 1928-இல் தடை விழுந்து ஐந்து வருஷம் வெளியே நின்றவர். அப்படிப்பட்டவரை டெர்பியில் ஏற்றிவிட நெஞ்சு வேண்டும். எல்லோரும் பணம் கட்டிய கொலம்போ என்ற குதிரை மூன்றாவதாக வந்தது. அதே வருஷம் வின்ட்சர் லாடை, பந்தயப் பணம் வாங்கும் புக்கி மார்ட்டின் பென்சனுக்கு 50,000 பவுனுக்கு மகாராணா விற்றார். முதலாளியின் சாமர்த்தியம் ஆளைத் தேர்வதிலும் விற்கும் நேரத்திலும்தான்.

குடியாத்தம்: கிண்டியில எந்தக் குதிரை கெலிக்கும் சார்?

டிப் சொல்வதில்லை. 1996-இல் சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயத்தைத் திறமை ஆட்டம் என்றது. உங்களுக்குத் திறமை இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆம்பூர்: விற்றது முட்டாள்தனம். அதே வருஷம் வின்ட்சர் லாட் கெலிச்ச செயின்ட் லெஜர் பந்தயம் பென்சன் பெயரில் போயிடுச்சே!

போச்சு. மறு வருஷம் அது கெலித்த கொரோனேஷன் கப், எக்லிப்ஸ் பந்தயங்கள் இரண்டும் பென்சன் பெயரில் போச்சு. ஆனால் பெரிய பணம் பந்தயத்தில் இல்லை, பொலிக் குதிரையாக நிற்கும்போதுதான். அங்கே வின்ட்சர் லாட் நோயாளி; 1943-இல் கருணைக்கொலை செய்தார்கள். பெயர் சொல்ல வின்ட்சர் ஸ்லிப்பர் மாதிரி ஒன்றிரண்டு குட்டிகள்தான்.

ஆம்பூர், மறுபடி: நோய் வரும்னு மகாராணாவுக்கு ஜோசியமா தெரியும்?

தெரியாது. அதனால்தான் விற்க வேண்டும் என்கிறேன். உயிருள்ள சரக்கு ஐயா, குடோனில் பூட்டி வைக்க முடியாது.

வாலாஜா: ஆகா கான் அஞ்சு டெர்பி கெலிச்சவர். அவர் பெயரையே காணோம்?

இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான அவர் குடும்பத்தோடு குதிரை வளர்த்தவர். மகாராணா வாங்கி ஓட்டியவர். ஆம்பூர்க்காரருக்கும் ஒன்று: ஆகா கானும் விற்றார்! 1930-இல் டெர்பி வென்ற பிளென்ஹெய்மை 1936-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே அதற்குப் பிறந்த வேர்லவே 1941-இல் டிரிபிள் கிரவுன், அதாவது அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும், அடித்தது. அந்த விற்பனைக்கு வேண்டுமானால் நீங்கள் அழலாம், நானும் கூட அழுகிறேன்.

ஆரணி: வண்டிக் குதிரை நொண்டுது, என்ன மாத்திரை?

பார்க்காமல் மாத்திரை கிடையாது. பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போகாதீர்கள், டாக்டரை வரவழையுங்கள்.

ராணிப்பேட்டை: தேசிங்கு ராஜா குதிரை இந்த ஜாதியா?

இல்லை. தேசிங்கு இறந்தது 1714. அதற்குப் பத்து வருஷம் முன்புதான், 1704-இல், டார்லி அரேபியன் என்ற அரபிக் குதிரை இங்கிலாந்து போனது. இன்றைய ரேஸ் குதிரைகளின் மூன்று மூலத் தகப்பன்களில் அது ஒன்று. கதைப் பாட்டில் வரும் தேசிங்கின் குதிரை பாராசாரிக்கு வம்சப் பதிவேடு கிடையாது.

திருப்பத்தூர்: ஒரே ஒரு டிப் ஐயா...

குடியாத்தத்துக்குச் சொன்னதுதான்.

ஆம்பூர்: விற்றது தப்புதான் சார்.

சரி, நீங்கள் ஒரு குட்டி வாங்குங்கள். தீனி, லாடம், ட்ரெயினர் சம்பளம் எல்லாம் கட்டி, கெலித்த மறுநாள் 50,000 பவுனோடு ஒருவன் வாசலில் நிற்கட்டும். அப்புறம் பேசுவோம்.