ஒன்பதாவது மாடியில் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

கேள்வி: அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. திருமங்கலத்தில் தனியாக இருந்த அம்மாவை (வயது 68) சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். ஒன்பதாவது மாடியில் வீடு. தனி அறை, டிவி, செல்போன் எல்லாம் உண்டு. ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் அறையை விட்டு வெளியே வருவதில்லை. "ஊருக்குப் போகணும்" என்கிறார். இது மனச்சோர்வா?

பதில்: 'ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை' என்கிறீர்களே, சிக்கலில் பாதி அங்கேதான். ஊரில் வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டம்மாவிடம் இரண்டு வார்த்தை, கீரைக்காரம்மாவிடம் பேரம், பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு என்று அவர் நாள் ஓடியிருக்கும். அவர்கள் யாரும் நெருங்கிய சொந்தமில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அவர் தேவைப்பட்டார். மகன், மருமகள், பேரப்பிள்ளை அன்பாக இருந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கையும் ஆளில்லாமல் இருப்பதையும் தனிமை உணர்வையும் பிரித்தே பேசுகிறது. ஆறில் ஒருவரை வாட்டுவதாக அது சொல்வது தனிமை உணர்வைத்தான். அது வீடு நிறைய ஆளிருந்தாலும் வரும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தசோகைக்கு ரத்தப் பரிசோதனை போதும். காதை மறக்காதீர்கள்: அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். பாதி கேட்காதவர்கள் பேச்சைத் தவிர்ப்பார்கள். நாம் அதை விலகல் என்று நினைத்துக்கொள்வோம். துக்கம் அலை மாதிரி, நடுவில் ஒரு சிரிப்பும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தூக்கமோ பசியோ கெட்டு, பேரனைப் பார்த்தும் முகம் மலரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் 14416 எண்ணில் இரவிலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது லிஃப்ட். சிரிக்காதீர்கள். தனியாக லிஃப்டில் ஏறப் பயம், எந்தப் பொத்தான் என்ற குழப்பம், கீழே போனபின் சிறுநீர் வந்தால் எங்கே போவது என்ற கவலை. இதை மகனிடம் சொல்லக் கூசி "கால் வலிக்குது" என்பார்கள். ஒரு வாரம் கூடவே போய் அவரையே பொத்தானை அழுத்த விடுங்கள். தரைத்தளக் கழிவறையைக் காட்டுங்கள். பிளாக், வீட்டு எண் எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும்.

பிறகு தினமும் ஒரே நேரம், ஒரே பெஞ்ச்: மாலை ஐந்தரையிலிருந்து முக்கால் மணி நேரம். வாரம் ஒருமுறை முதியோர் மன்றம் என்பது பெரும்பாலும் பிடிக்காமல் போகும். போன வாரம் பார்த்த முகம் மறந்திருக்கும். அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் பழக வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டார். அவர் ஆராய்ந்தது ஊர் மாறிய பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும், ஆகவே அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தினம் முக்கால் மணி என்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். பத்தாம் நாளே "பலனில்லை" என்று விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் துணைக்கு உட்காருங்கள், பிறகு நைசாக நழுவிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வேலை கொடுங்கள், ஒப்புக்கு அல்ல. கீரை, பூ வாங்குவது அவர் பொறுப்பு. பணம் அவர் கையில், கணக்குக் கேட்கக் கூடாது. வாரம் இரண்டு நாள் குழம்பு அவருடையது. உப்புக் கூடினாலும் கரண்டியை வாங்கிவிடாதீர்கள்.

திருமங்கலம் வீட்டை இந்த ஒரு வருடத்துக்கு விற்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் கூட்டிப் போய் விடுங்கள். திரும்பும் தேதியை முன்னாலேயே அவரிடமே கேட்டு டிக்கெட் போடுங்கள்.