மூன்று ஏக்கர் காபிக்கு எதற்கு ஊர் வரைபடம்?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் 3 ஏக்கரில் காபி, ஊடே மிளகும் மலைவாழையும் வைத்திருக்கிறேன். ஐரோப்பாவுக்குச் சரக்கு போக ஜி.பி.எஸ். புள்ளி வேண்டும் என்கிறார் வியாபாரி. என் தோட்டத்துக்கு மட்டும் எடுத்தால் போதாதா? ஊரே சேர்ந்து எடுங்கள் என்கிறார்களே?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் கேட்பது தோட்டக் கணக்குத்தான். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 4 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் வரை, ஒரு புள்ளி போதும். அதைத் தாண்டினால் எல்லை முழுவதும் வேண்டும். இருமுறை தள்ளிப்போன இந்தச் சட்டம் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் அமல்.

ஆனால் உங்கள் மூட்டை தனியாகக் கப்பலேறுவதில்லையே! குடோனில் பலர் காபி ஒரே லாட்டாகக் கலக்கிறது. ஒருவர் நிலம் தேறாமல், அவர் சரக்கைப் பிரிக்கவும் வழியில்லை என்றால் லாட் மொத்தமும் நிற்கும்.

இன்னொரு வில்லங்கம் நிழல் மரம். செயற்கைக்கோள் படத்தில் நிழல் காபி காடாகவே தெரியக்கூடும். சில்வர் ஓக்கை வெட்டி விற்றால் 'காடு அழிந்தது' என்று காட்டிவிடும். சட்டப்படி 0.5 ஹெக்டேருக்கு மேல், 5 மீட்டரைத் தாண்டிய மரங்களோடு, 10 விழுக்காட்டுக்கு மேல் கிளை கவிந்த நிலம் காடு; விவசாய நிலம் இதில் சேராது. இதை ஆளுக்கொரு பக்கம் வாதாடுவதைவிட, எது காப்புக்காடு, எது பட்டா, எங்கே 2020-க்கு முன்பே காபி நின்றது என்று சரிவு முழுவதற்கும் ஒரே கோப்பு போடுவது புத்திசாலித்தனம். சிட்டா, புலப்படம், பழைய அடங்கல் நகல்களைக் கூடவே வையுங்கள்.

எல்லை எடுப்பவர்கள் பொது வரப்பை இரு தரப்பும் சேர்ந்து ஒரே தடவை நடங்கள். தனித்தனியே நடந்தால் ஒருவர் நிலம் மற்றவர்மேல் ஏறும். ஓரத் தோட்டம் என்றால் ஒரு மூலை காப்புக்காட்டுக்குள் போய் உட்காரும். மரத்தடியில் செல்போன் பல மீட்டர் பிசகும். வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரக் குறியுங்கள்.

இந்த ஜி.பி.எஸ். எண்களை ஏற்றும் கணினிக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில், அதாவது 77-இல் தொடங்கும் எண். 10-இல் தொடங்கும் அட்சரேகையை முன்னால் போட்டால் உங்கள் காபி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் விளைந்ததாகிவிடும்.