மாநாட்டுச் செயலியை மறுவடிவமைத்தல்: கேள்வி பதில்

வன்னியில் ஆய்வு மாநாடுகளை ஏற்பாடு செய்வோரும் அவற்றுக்குக் கைப்பேசிச் செயலி உருவாக்கும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, எங்கள் செயலியைத் திறந்ததும் தலைவரின் வாழ்த்துச் செய்தியும் அனுசரணையாளர்களின் இலச்சினைகளும் வருகின்றன. புதிய வடிவத்தில் முதற்பக்கத்தில் எதை வைக்கலாம்?

பதில்: இப்போது எந்த மண்டபத்தில் எந்த அமர்வு நடக்கிறது, அடுத்து எது என்பதை மட்டும் வையுங்கள். தேநீர் இடைவேளை முடிந்து எந்தக் கதவுக்குள் நுழைவதென்று தெரியாமல் நிற்பவருக்கு வாழ்த்துச் செய்தி உதவாது. அதற்கு உட்பக்கம் போதும். இலச்சினைகள் நிகழ்ச்சி நிரலின் அடியில் வரலாம்.

கேள்வி (முல்லைத்தீவு): மண்டபத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. வரும் சிறிதளவு டேட்டாவையும் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மறுவடிவமைப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். படங்கள் இல்லாத நிகழ்ச்சி நிரல், நூறு அமர்வுகள் இருந்தாலும், மிகச் சிறிய கோப்பாகவே இருக்கும். ஆகவே, செயலி முதன்முறை திறக்கப்படும்போதே அதை முழுமையாக எஸ்கியூலைட்டில், அதாவது இணையமின்றிக் கைப்பேசிக்குள்ளேயே இயங்கும் சிறு தரவுத்தளத்தில், சேமித்து, எப்போதும் அங்கிருந்தே காட்ட வேண்டும். சிக்னல் கிடைக்கும்போது மாறியவற்றை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பக்கத்தின் மேலே கட்டாயம் காட்டுங்கள், ஏனெனில் மண்டபம் மாறிய பின்பும் பழைய தகவலை உறுதியோடு சொல்லும் செயலி, ஒன்றுமே சொல்லாததைவிட அதிகமாக அலைக்கழிக்கும்.

நினைவூட்டல்களும் இணையத்தை நம்பியிருக்கக் கூடாது. ஒருவர் ஓர் அமர்வைக் குறித்துவைத்ததும் அதற்கான நினைவூட்டலைக் கைப்பேசியிலேயே பதிந்துவிடலாம். அன்ட்ரொய்ட் 13 முதல் அறிவிப்புகளுக்குப் பயனரின் அனுமதி தேவை. செயலியைத் திறந்த கணத்தில் கேட்டால் பலர் மறுத்துவிடுவார்கள், முதல் அமர்வைக் குறிக்கும்போது கேட்டால் காரணம் அவர்களுக்கே விளங்கும்.

கேள்வி (வவுனியா): சில ஆய்வுச் சுருக்கங்கள் பாமினியில் வருகின்றன. பொத்தான்களிலும் தமிழ் அடங்குவதில்லை.

பதில்: பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும், தேடலும் வேலை செய்யாது. சுருக்கம் வந்தவுடன் யூனிகோடுக்கு மாற்றி, எழுதியவரிடமே சரிபார்க்கக் கொடுங்கள். பொத்தானின் உயரத்தை நிலையாக வரையறுக்காமல், சொற்கள் இரண்டாம் வரிக்குச் செல்ல இடமளியுங்கள். மொழித் தெரிவு செயலிக்குள்ளேயே இருக்கட்டும். கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவரும் நிகழ்ச்சி நிரலைத் தமிழில் படிக்க விரும்பலாம்.

கேள்வி (மன்னார்): எந்த நிறங்கள் நல்லவை?

பதில்: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு (contrast) குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருந்தால் எதுவும் நல்லதே.

கேள்வி (ஒட்டுசுட்டான்): பங்கேற்பாளர்களின் தொலைபேசி எண்களைப் பட்டியலில் காட்டலாமா?

பதில்: அவரவர் தாமாக அனுமதித்தால் மட்டும் காட்டுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, தம் எண்ணையும் இருப்பிடத்தையும் வெளியிட விரும்பாததற்கு நம் பகுதி மக்களுக்குச் சொந்தக் காரணங்கள் உண்டு, அவற்றை விளக்கும்படி யாரையும் கேட்கக் கூடாது. மாநாடு முடிந்ததும் எண்களை அழித்துவிடுங்கள்.