வளரும் பூனைக்குட்டிக்கு எவ்வளவு உணவு, எத்தனை வேளை?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட பூனை, ஒரு குட்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுடன் எங்கோ போய்விட்டது. இப்போது அதற்கு இரண்டு மாதம். தராசில் வைத்தபோது 800 கிராம் இருந்தது. காலையிலும் இரவிலும் பால் சோறு வைக்கிறோம். மீன் வாங்கும் நாளில் மீனும் உண்டு. தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டுச் சிறிது நேரத்தில் மறுபடியும் கத்துகிறது. அடிக்கடி சாப்பாடு வைத்துப் பழக்கினால் எலி பிடிக்காது என்கிறார் என் மாமியார். எவ்வளவு, எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: குட்டி கத்துவது பசியால்தான். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு வேளை போதாது. அதைவிடக் கவலைக்குரியது, நீங்கள் வைக்கும் பால் சோறு அதன் வயிற்றை நிரப்புகிறதே தவிர உடலை வளர்ப்பதில்லை என்பது.

பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் எடை இருக்கும். எட்டாவது வாரத்தில் அது எட்டு மடங்காகிவிடுகிறது. இந்த வேகத்தில் வளரும் உடலுக்கு, ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வரை தேவைப்படுகிறது. முழுதாக வளர்ந்த வீட்டுப் பூனைக்கோ கிலோவுக்கு 60, 70 கலோரியே போதுமானது. எடைக்கு எடை பார்த்தால் குட்டியின் தேவை தாயின் தேவையைப் போல மூன்று மடங்கு. ஆனால் இரைப்பை மிகச் சிறியதாகையால், ஒரே வேளையில் நிறைய வைத்தால் வாந்தி எடுக்கும் அல்லது வயிற்றோட்டம் காணும். எனவே நான்கு மாதம் முடியும் வரை நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள். காலை ஆறு, பகல் பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். நான்கிலிருந்து ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு அல்லது மூன்று வேளை போதும்.

அளவுக்கு வருவோம். உங்கள் குட்டிக்கு இப்போது ஒரு நாளைக்கு 160 முதல் 200 கலோரி வேண்டும். குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் உலர் உணவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 கலோரி இருப்பதால், நாள் முழுவதற்கும் 40 முதல் 50 கிராம் ஆகிறது. அதை நான்காகப் பிரித்தால் வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம்தான். ஈர உணவு விற்கும் 80 கிராம் பாக்கெட் ஒன்றில் ஏறத்தாழ 70 கலோரி இருக்கும். ஒரு பாக்கெட் ஈர உணவும் 30 கிராம் உலர் உணவுமாகக் கலந்து கொடுப்பது நல்ல ஏற்பாடு. பூனைகள் இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிப்பவை; ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர் இருப்பதால் நம் வெயிலுக்கு அது உதவும். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டுள்ள அளவு அட்டவணையையும் பாருங்கள், ஏனெனில் ஒவ்வொரு தயாரிப்பிலும் கலோரி சற்று மாறும்.

எடை கூடக் கூட உணவும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள்; அப்படி இல்லை. ஐந்தாவது மாதத்தில் கிலோவுக்கு 130 கலோரி, ஏழாவது மாதத்தில் 100 கலோரி என்று தேவை இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு கிலோ எடையுள்ள ஐந்து மாதக் குட்டிக்கு நாளுக்கு 65 கிராம் உலர் உணவு போதுமென்றால், இரண்டே முக்கால் கிலோ எடையுள்ள ஏழு மாதப் பூனைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு வயதைத் தாண்டும்போது இன்னும் குறையும்.

இனி பால் சோறு. சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு மூன்று கிராம் புரதம்கூடத் தேறாது. குட்டிக்கான உலர் உணவிலோ குறைந்தது 30 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் திறன், தாய்ப்பால் மறந்தபின் குட்டியிடம் குறைந்துகொண்டே போவதால், பல குட்டிகளுக்குப் பால் வயிற்றோட்டத்தையே தருகிறது. கடை உணவு உடனே கிடைக்காவிட்டால், உப்பு, மிளகாய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி, அதனுடன் சிறிது ஈரல், வேகவைத்த முட்டை ஆகியவற்றைச் சில நாட்களுக்குக் கொடுக்கலாம். மாதக்கணக்கில் இதையே கொடுப்பதாக இருந்தால், சுண்ணாம்புச் சத்து சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். வெறும் கறியில் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைப் போல இருபது மடங்கு இருக்கிறது. குட்டிக்கு இரண்டும் ஏறத்தாழ சம அளவில் வேண்டும்; அந்தச் சமநிலை கெட்டால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் எலும்பு முறிந்துபோன குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கறி மட்டுமே கொடுத்து, அன்பாக வளர்க்கப்பட்ட குட்டிகள் அவை.

உணவை ஒரே நாளில் மாற்றிவிடாமல், பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, ஒரு வாரத்தில் முழுவதுமாக மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வைப்பது எல்லாக் கணக்குகளையும்விட நம்பகமானது. வாரத்துக்கு 100 கிராம் அளவில் கூடினால் நீங்கள் கொடுக்கும் அளவு சரி. விலாவில் விரலை வைத்தால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

உங்கள் மாமியாரின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். பூனை பசியால் மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் அசையும் எதன் மீதும் பாயும். வளரும் வயதில் சத்தில்லாமல் போன குட்டிக்குத்தான் பின்னாளில் எலியைத் துரத்தும் வலு இருக்காது.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். மகள் ஆசைப்பட்டதால் மூன்று மாதப் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். தயிர் சாதம், பருப்பு சாதம், நெய் கொடுத்தால் நன்றாகவே சாப்பிடுகிறது. இப்படியே வளர்க்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வளர்க்க முடியாது. நாய் ஓரளவு எதையும் தின்று வாழும். பூனையின் உடலமைப்பு இறைச்சிக்கென்றே அமைந்தது. டாரின் என்னும் சத்தை மனித உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலால் அதைப் போதிய அளவில் தயாரிக்க முடியாது. கறியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது கிடைக்க வேண்டும், சோறு, பருப்பில் அது இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975-இல் தெரியவந்தது. 1987-இல் அமெரிக்காவில், டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், பூனைகளின் இதயம் தளர்ந்து விரிவடையும் நோய்க்கும் இந்தக் குறைபாடு காரணம் என்று காட்டினர். அந்தப் பூனைகள் தின்றுவந்தது கடையில் விற்ற பூனை உணவையே. அதன் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். இன்று பூனை உணவுப் பாக்கெட்டுகளில் டாரின் என்ற சொல் காணப்படுவதன் பின்னணி இது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதும் பூனையால் இயலாது.

இந்தக் குறைபாடு உடனே வெளியில் தெரிவதில்லை. குட்டி சாப்பிடும், விளையாடும். பல மாதங்கள் கழித்து இருட்டில் தடுமாறும்போது, விழித்திரையில் இழந்ததை மீட்க வழி இருக்காது. சமையலறையில் புலால் சமைக்க வேண்டாம். குட்டிகளின் வளர்ச்சிக்கான முழு உணவு என்று அச்சிட்ட உலர் உணவை வாங்கி, தனிக் கிண்ணத்தில், வீட்டின் ஒரு மூலையில் வைத்தால் போதும். தயிரை ஆசைக்கு ஒரு கரண்டி கொடுக்கலாம். அந்த உலர் உணவுக்கும் வீட்டில் இடமில்லை என்றால், மகளிடம் எடுத்துச் சொல்லி, குட்டியை அசைவம் சமைக்கும் வேறொரு நல்ல வீட்டில் சேர்ப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

கேள்வி: எங்களுக்கு மீன் தினமும் கிடைக்கும். நான்கு மாதக் குட்டிக்குப் பச்சை நெத்திலியும் சாளையும் கொடுக்கிறேன். சில நாள் கருவாடு. மீனைத் தவிர வேறெதையும் தொட மறுக்கிறது. பரவாயில்லையா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மீன் நல்ல உணவுதான், மீன் மட்டுமே உணவு என்பதில்தான் சிக்கல். சில மீன்களின் பச்சைச் சதையில், பி1 வைட்டமினை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. வாரக்கணக்கில் அவற்றைப் பச்சையாகத் தின்ற பூனைக்குத் தலை நெஞ்சை நோக்கித் தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்; ஆகவே எந்த மீனையும் உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். கொழுப்பு மிகுந்த மீனையே எப்போதும் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலியால் கத்தும் நோயும் உண்டு. கருவாட்டில் உப்பு மிகுதி. அதை அறவே நிறுத்துங்கள்.

நாக்கு மீனுக்குப் பழகிவிட்ட குட்டியை மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். குட்டி உணவை வெந்நீரில் சற்று ஊறவைத்து, மீன் வேகவைத்த நீரைச் சிறிது தெளித்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வையுங்கள். பூனை சுவையைவிட வாசனையை நம்பியே வாய் வைக்கிறது. நாள்தோறும் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று நிறுத்துங்கள். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று மட்டும் முயல வேண்டாம்.

கேள்வி: கடைத்தெருவில் கண் இப்போதுதான் திறந்த குட்டி ஒன்று கிடைத்தது. தாயைக் காணவில்லை. என்ன கொடுப்பது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கண் திறந்திருப்பதால் அதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் வயது இருக்கும், எடை 200 கிராம் அளவில் இருக்கலாம். உணவுக்கு முன்னால் அதற்குச் சூடு வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குச் செரிமானம் நின்றுபோயிருக்கும். அந்த நிலையில் பால் புகட்டினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடல் மெல்லச் சூடேறிய பிறகே பால் கொடுங்கள்.

பூனையின் பாலில் புரதம் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், பசும்பாலில் குட்டி வளராது. பூனைக்குட்டிக்கான பால் பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, சிறிய பால் பாட்டிலிலோ ஊசி நீக்கிய சிரிஞ்சிலோ கொடுங்கள். ஒரு வேளைக்கு, 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம். 200 கிராம் குட்டிக்கு 8 மில்லி. பகலிலும் இரவிலும் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். மூன்று வாரம் கடந்தபின் இடைவெளியை ஐந்து மணி நேரம் வரை நீட்டலாம். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டுவது மிகப் பெரிய தவறு, பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுத்து, தலையைச் சற்று உயர்த்தியபடி அது தானாக உறிஞ்ச வேண்டும். மூன்று வார வயது வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெதுவாகத் தடவிவிடுங்கள். தினமும் பத்துப் பதினைந்து கிராம் எடை கூட வேண்டும். ஒரு நாள் கூடாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நான்காவது வாரத்தில், பாலில் குழைத்த குட்டி உணவைத் தட்டில் வைத்து நக்கப் பழக்கலாம்.

கேள்வி: ஆறு மாதப் பெண் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்திருக்கிறோம். கிண்ணத்தில் எப்போதும் உலர் உணவு நிரம்பியிருக்கும்; வேண்டும்போது தின்னும். தொடரலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சிறு குட்டியாக இருந்தவரை அது தவறில்லை, பூனை இயல்பில் நாளுக்குப் பத்து முறைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் பிராணி. கருத்தடைக்குப் பிறகு பசி கூடுகிறது, தேவையோ ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. இனி ஒரு நாளுக்கான உணவைக் காலையிலேயே எடை போட்டு ஒரு டப்பாவில் வைத்து, வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்தே எடுங்கள். ஒரு வயது வரை குட்டி உணவையே தொடரலாம். எறும்புத் தொல்லைக்குக் கிண்ணத்தை நீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைக்கலாம். ஈர உணவு கொடுத்தால், கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி நிறையத் தின்கிறது. வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, முதுகெலும்பு தெரிகிறது. நேற்று மாலையிலிருந்து எதையும் தொடவில்லை. குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் சிரப்பில் கொஞ்சம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கொடுக்கவே வேண்டாம். குழந்தைகளின் காய்ச்சல் சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பது பாராசிட்டமால். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனைக்குப் போதிய அளவில் இல்லாததால், மிகச் சிறிய அளவுகூட உயிரைப் பறித்துவிடும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் குடற்புழுவைக் காட்டுகின்றன. தாய்ப்பாலின் வழியாகவே அது குட்டிக்கு வந்துவிடும் என்பதால், மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், இரண்டு மாதத்துக்குப் பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் இத்தனை சிறிய குட்டி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். புழுவைத் தவிர, தடுப்பூசி போடாத குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோயாகவும் இருக்கலாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலும் இதையே தெரிவித்திருக்கிறோம். இதே நிலையில் குட்டி வைத்திருக்கும் மற்றவர்கள், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு அதை இன்றே துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.