பின்சக்கரத்தில் ஆட்டம்

கேள்வி: என் பைக் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வேகம் கூடினால் பின்பக்கம் ஒரே இரைச்சல். செயின் மாற்றியும் போகவில்லை.
- வாசகர், மன்னார்குடி

பதில்: சக்கரம் அச்சில் தடையில்லாமல் சுழல உதவும் வீல் பேரிங்கைப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு டயரைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், சக்கரம் மட்டும் 'டக் டக்' என்று ஆடினால் பெரும்பாலும் பேரிங்தான், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அது, ஆர்ம் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள புஷ் கோளாறு. நம் பக்கம் நடவு நேரத்தில் வயல் சேற்றிலும் வாய்க்காலிலும் வண்டியை இறக்குகிறோம், அப்புறம் வாட்டர் சர்வீஸில் அச்சுக்கு நேரே பீய்ச்சி அடிக்கிறார்கள். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் கெட்டு, துருப்பிடித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டையும் சீலோடு மாற்றுங்கள். புதியதை இறக்கும்போது வெளிவளையத்தில்தான் அடி விழ வேண்டும், உள்வளையத்தில் தட்டினால் புதுசும் சீக்கிரம் போய்விடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயை விட்டுவிடாமல் போடச் சொல்லுங்கள். சரிசெய்யும் வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டாம்.