கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

கேள்வி: ஒரே நிறுவனத்தில் 9 வருடங்களாக நிரந்தர வேலை பார்க்கிறேன். சம்பளம் சுமார்தான், வேலையும் அலுத்துவிட்டது. இப்போது வேறொரு இடத்தில் 6 மாத கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. 40 சதவீதம் கூடுதல் சம்பளம், எனக்குப் பிடித்த வேலை. “நன்றாகச் செய்தால் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள்” என்கிறார் ஏஜென்சிக்காரர். மனைவியும் வேலைக்குப் போகிறார், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. போகலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வார்த்தை என்றால், வேண்டாம். ஆனால் ஒரு வார்த்தையில் அடங்குகிற ஆளாக இருந்தால் நீங்கள் கடிதமே போட்டிருக்க மாட்டீர்கள், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 40 சதவீதம். மாதக் கணக்கில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இப்போதைய மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 1200. விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கான்ட்ராக்டில் 140. ஆறு மாதம் முடிந்து அடுத்தது கிடைக்க இரண்டு மாதம் ஆனது என்றால் கையில் வருவது பத்து மாதச் சம்பளம். பெரும்பாலான கான்ட்ராக்டில் வேலை செய்த நாளுக்குத்தான் காசு, ஆகவே விடுமுறைகளுக்கு இன்னொரு மாதத்தைக் கழியுங்கள். மிச்சம் 9 மாதம், 1260. இவ்வளவு அலைச்சலுக்கும் கூடுதலாகக் கிடைப்பது உங்கள் இப்போதைய ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை! குடும்பத்துக்கு நிறுவனம் எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால நிதிக்கு அவர்கள் போடும் பங்கு இதையெல்லாம் நான் இன்னும் தொடவே இல்லை. இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வேலை கிடைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அதை மறுக்கவில்லை. உங்கள் துறையில் இரண்டு கான்ட்ராக்ட்டுக்கு நடுவே வழக்கமாக எத்தனை வாரம் சும்மா இருக்க வேண்டி வருகிறது என்று அதே வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு, என் இரண்டு மாதத்தை அடித்துவிட்டு அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த ‘6 மாதம்’. ஒப்பந்தத்தில் வேலையை நிறுத்துவது பற்றி ஒரு பத்தி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். இரண்டு வார நோட்டீஸில் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு உறுதியாக இருப்பது இரண்டு வாரம், 6 மாதம் என்பது அதிகபட்சம் எவ்வளவு நாள் என்பதுதான். இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். சம்பளம் யார் தருகிறார்கள், எத்தனை நாள் கழித்துத் தருகிறார்கள் என்பதையும் அதே மூச்சில் பாருங்கள். நடுவில் ஏஜென்சி இருந்து, நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் அவர்களுக்குப் பணம் போட்ட பிறகுதான் உங்களுக்கு என்று இருந்தால் முதல் சம்பளமே 60 நாள், 90 நாள் கழித்து வரலாம். வங்கி அதுவரை காத்திருக்காது.

அப்புறம் “பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள்”. யார் ஆக்குவார்கள்? சொன்னவர் ஏஜென்சிக்காரர், நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன். சில இடங்களில் ஏஜென்சி வழியாக வந்தவரை நேரடியாக எடுத்துக்கொள்ள நிறுவனம் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும், அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிப்போடுவார்கள். அதோடு, கான்ட்ராக்ட் சம்பளம் பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து வருகிறது, நிரந்தர இடத்துக்கு வேறு அனுமதி வேண்டும். நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த அனுமதி உங்கள் மேலாளர் கையில் இருக்காமல் போகலாம். ஆகவே அந்த மேலாளரிடமே நேராகக் கேளுங்கள்: இந்த வேலையை நிரந்தர ஆளாக ஏன் எடுக்கவில்லை, இதற்கு முன் இப்படி வந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள்? மழுப்பினால், அந்த வாய்ப்பைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையில் இருப்பதை இழப்பது, அதே அளவு புதிதாகக் கிடைப்பதைவிடப் பெரிதாக உறைக்கும் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-ல் எழுதினார்கள். உங்கள் பயத்தில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். அதனால் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே அந்த கான்ட்ராக்டில் இருக்கிறீர்கள், இந்த 9 வருட வேலையை இப்போது வாங்கும் அதே பழைய சம்பளத்துக்கு யாரோ தருகிறார்கள், போவீர்களா? “சத்தியமாகப் போக மாட்டேன்” என்று மனசு சொன்னால் பிரச்சினை கான்ட்ராக்ட் இல்லை, இப்போதைய வேலைதான். நிரந்தரம் என்றாலும் கடைசி நாள் எழுதப்படவில்லை என்பதுதான், அனுப்பவே மாட்டார்கள் என்றில்லை. உங்கள் இப்போதைய நிறுவனத்தில் போனவர்கள் இடத்தை நிரப்பாமல் விடுகிறார்களா, சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறதா என்று கவனியுங்கள்.

என் ‘வேண்டாம்’ எப்போது மாறும்? மனைவியின் சம்பளத்திலேயே கடன் தவணை கட்ட முடிந்து, அதுபோக 6 மாத வீட்டுச் செலவு தனியாக இருந்து, நோட்டீஸ் ஒரு மாதம் என்று எழுத்தில் வாங்க முடிந்தால், தாராளமாகப் போங்கள். அது இல்லாதவரை, அதே துறையில் நிரந்தர வேலை தேடுங்கள். வேலையில் இருந்துகொண்டே தேடுகிற வசதி இப்போது உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: படிப்பு முடித்து முதல் வேலையே கான்ட்ராக்டாக வந்திருக்கிறது. சேர்ந்தால் பின்னால் மதிப்பு குறையுமா?

பதில்: குறையாது, சேருங்கள். எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற கேள்வியே உங்களுக்கு இல்லையே. முடிந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக கான்ட்ராக்டைப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தருகிறார்கள். இப்போது சம்பளத்தைக் குறைத்து நிரந்தரமாக்குகிறேன் என்கிறார்கள். ஏமாற்று வேலையா?

பதில்: குறைப்பதாலேயே ஏமாற்று என்று சொல்ல முடியாது. முதல் பதிலில் போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள், விடுப்பு, காப்பீடு எல்லாவற்றுக்கும் விலை வைத்த பிறகும் குறைவாக இருந்தால் பேரம் பேசுங்கள். மூன்று வருடம் பழகிய ஆளை விட்டுவிட்டுப் புது ஆளைத் தேடிப் பழக்குவது அவர்களுக்கும் செலவு. இந்த மூன்று வருடத்தையும் பணிக்காலமாகக் கணக்கில் எடுப்பார்களா என்று மறக்காமல் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.